முந்திக்கொண்ட குரல்

டப்பிங் ஸ்டூடியோவில் கன்சோல் முன்னால் உட்காருகிறவனுக்குக் கதை பாதிதான் தெரியும். உதடு முழுசாகத் தெரியும். எந்த நடிகர் 'ப' சொல்லும்போது வாயைச் சரியாக மூடமாட்டார், யார் வசனத்துக்கு நடுவே எச்சில் விழுங்குவார் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். வெளிநாட்டுத் தொடர், இந்தி சீரியல், கார்ட்டூன் என்று எது வந்தாலும் எங்கள் கேள்வி ஒன்றுதான்: சிங்க், அதாவது உதடசைவும் குரலும் ஒரே நேரத்தில் விழுவது, உட்கார்ந்ததா?

வேலைக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு சிங்க் என்றால் என்ன என்று புரியவைக்க நான் போட்டுக் காட்டுவது 'டாக்டர் ஹூ' தொடரின் ஒரு எபிசோடை. 1963 நவம்பரில் பிபிசி ஆரம்பித்து, நடுவில் பல வருஷம் நின்று, 2005-இல் மறுபடி உயிர்பெற்ற அறிவியல் புனைகதைத் தொடர் அது. நான் சொல்வது 2008 ஜூன் 14 அன்று ஒளிபரப்பான 'மிட்நைட்'. எழுதியவர் ரஸ்ஸல் டி டேவிஸ், இயக்கியவர் ஆலிஸ் ட்ராட்டன்.

அந்தத் தொடரைத் தெரிந்தவர்கள் விண்கலம், ரப்பர் மாஸ்க் போட்ட ஜந்து, நீளமான தாழ்வாரத்தில் ஓட்டம் என்று எதிர்பார்ப்பார்கள். இதில் ஒன்றும் கிடையாது. வைரத்தால் ஆன ஒரு கிரகம். அதன் சூரிய வெளிச்சம் பட்டால் உயிர் போய்விடும். சுற்றுலா வண்டியொன்றில் சில பயணிகள், ஒரு பணிப்பெண், அவர்களோடு தொடரின் நாயகன், 'டாக்டர்' என்றே அழைக்கப்படுகிறவர். வழியில் வண்டி நின்றுவிடுகிறது. வெளியே எதுவும் வாழ முடியாத இடத்தில் யாரோ சுவரைத் தட்டுகிறார்கள். கடைசிவரை அது என்னவென்று காட்டுவதே இல்லை. ஏறக்குறைய முழு எபிசோடும் அந்த ஒரே பெட்டிக்குள் நடக்கிறது.

இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அந்த சீசனில் இரண்டு எபிசோடுகளை ஒரே சமயத்தில் எடுக்க வேண்டியிருந்தது. டாக்டரின் துணையான டோனாவாக நடித்த கேத்தரின் டேட் அடுத்த வார எபிசோடான 'டர்ன் லெஃப்ட்'டில் மாட்டிக்கொண்டார். டாக்டராக நடித்த டேவிட் டென்னன்ட் இங்கே. நம் பாஷையில், கால்ஷீட் அட்ஜஸ்ட்மென்ட். போதாக்குறைக்கு, பேராசிரியர் வேடத்துக்குப் போட்டிருந்த சாம் கெல்லிக்குக் கால் முறிந்துவிட, கடைசி நேரத்தில் டேவிட் ட்ராட்டன் வந்து நடித்தார். பரிசோதனை முயற்சி என்று பின்னால் பேர் வாங்குகிற பல விஷயங்கள் இப்படி வேறு வழியில்லாமல் பிறந்தவைதான் என்பது என் அபிப்பிராயம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் 'தட்டிய ஒன்று' ஸ்கை என்ற பெண்ணுக்குள் புகுந்துவிடுகிறது. லெஸ்லி ஷார்ப் நடித்திருக்கிறார். முதலில் அவள் மற்றவர்கள் சொல்வதையெல்லாம் சொல்லி முடித்தபின் திருப்பிச் சொல்கிறாள். வாண்டுகள் செய்கிற வக்கணைதான். டாக்டர் சோதிப்பதற்காகக் கணக்கில் வரும் 'பை'யின் வர்க்கமூலத்தை முப்பது தசம இடம்வரை கடகடவென்று ஒப்பிக்கிறார். அவளும் விடாமல் பின்தொடர்கிறாள். அப்புறம் இடைவெளி காணாமல் போகிறது. அவர்கள் பேசும்போதே, அதே சொற்களை, அதே கணத்தில் அவளும் பேசுகிறாள். பிறகு எல்லாரையும் விட்டுவிட்டு டாக்டரை மட்டும் பிடித்துக்கொள்கிறாள். கடைசியில் அவள் முந்துகிறாள். அவள் சொல்ல, டாக்டர் அசையாமல் உட்கார்ந்து அதைத் திருப்பிச் சொல்கிறார்.

பிந்துவது, ஒன்றாக விழுவது, முந்துவது. எங்கள் எடிட்டிங் திரையின் டைம்லைனில் ஒரு குரல் ட்ராக்கை மவுஸால் நகர்த்தினால் இந்த மூன்றும்தான் நடக்கும். ரஸ்ஸல் டேவிஸ் சவுண்ட் ஆளாக இருந்தவர் இல்லை. ஆனாலும் ஒரு முழுக் கதையை சிங்க் பிசகின்மேல் நிறுத்தியிருக்கிறார்.

இதில் முந்துவதுதான் ஏன் பயங்கரமாக இருக்கிறது? திருவிழாவில் அதிர்வேட்டு போடும்போது தூரத்தில் நிற்கிறவனுக்கு முதலில் வெளிச்சம், பிறகுதான் சத்தம். பிறந்ததிலிருந்து நம் காதும் கண்ணும் அப்படியே பழகிவிட்டன. இங்கே டிவிக்கு வினாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 படம். ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் ஒலி சுமார் 14 மீட்டர் போகும். எனவே ஒலி ஓரிரு ஃப்ரேம் பிந்தினால் மூளை அதை ஆள் கொஞ்சம் தள்ளி நிற்கிறார் என்று எடுத்துக்கொள்ளும். முந்தினால் அதற்குச் சமாதானம் சொல்ல இயற்கையில் எதுவுமே இல்லை. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரையிலும் இது உண்டு: ஒலி 60 மில்லிசெகண்ட்வரை பிந்தலாம், முந்துவது 40-ஐத் தாண்டக்கூடாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கில் வித்தியாசம் இன்னும் அதிகம்: பிந்தினால் சுமார் 125 மில்லிசெகண்டில்தான் பார்வையாளருக்கு உறைக்கும், முந்தினால் சுமார் 45-லேயே உறுத்த ஆரம்பித்துவிடும்.

உறுத்தும், ஆனால் என்ன உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாது. ஒரு சீரியல் டப்பிங்கை முடித்து அனுப்பியபோது சேனலிலிருந்து போன் வந்தது. "அந்த மருமக கேரக்டருக்கு வாய்ஸை மாத்துங்க சார், பொய்யா பேசுது" என்றார்கள். பேசியவர் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட அக்கா. மறுபடி போட்டுப் பார்த்தால், வழியில் யாரோ ஃபைலை மாற்றியதில் அவருடைய ட்ராக் மட்டும் இரண்டு ஃப்ரேம் முந்தியிருந்தது. பின்னால் தள்ளி அனுப்பினேன். "இப்ப வாய்ஸ் சூப்பர்" என்று பதில் வந்தது. அக்காவிடம் சொன்னபோது, "அப்ப இத்தனை நாளா என் நடிப்பு உன் மவுஸ்லதான் இருந்திருக்கு" என்று சிரித்தார்.

'மிட்நைட்'டிலும் பயணிகள் செய்வது அந்தச் சேனல்காரர் செய்ததைத்தான். யார் முந்திப் பேசுகிறாரோ அவர் மனுஷி. பின்னால் ஒப்பிக்கிறவர் பேய் பிடித்தவர். ஆக, பேய் இப்போது டாக்டருக்குள் போய்விட்டது என்று முடிவு கட்டி, அவரை வெளியே தள்ள இழுத்துப் போகிறார்கள். பணிப்பெண் ஒருத்திதான் நேரத்தைப் பார்க்காமல் வார்த்தையைக் கவனிக்கிறாள். 'அலோன்சி' (பிரெஞ்சில் 'கிளம்பலாம்'), 'மோல்தோ பேனே' (இத்தாலியனில் 'ரொம்ப நல்லது') என்பவை டாக்டர் வழக்கமாகச் சொல்கிறவை, ஸ்கையின் வாயிலிருந்து அவை வருகின்றன என்றால் குரல் திருடுபோயிருக்கிறது. கதவைத் திறந்து ஸ்கையோடு தானும் வெளியே போய்விடுகிறாள். அவள் பேர் என்ன என்று அப்புறம் டாக்டர் கேட்கும்போது யாருக்கும் தெரியவில்லை.

ஒன்றாகப் பேசுகிற கட்டம்தான் தொழில்ரீதியில் என்னை அதிகம் படுத்துகிறது. இரண்டு குரல்களைத் துல்லியமாக ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் காது அதை ஒரே தடித்த குரலாகக் கேட்டுவிடும். இரண்டு பேர் என்று தெரிய வேண்டுமானால் மயிரிழை விலகல் வேண்டும். ஆனால் வார்த்தை முடிவில் வரும் 'ஸ்', 'ட்' மாதிரி ஒலிகள் விலகினால் குட்டு உடைந்துவிடும். அந்த எபிசோடை ஹெட்போனில் கேட்டால் இந்தக் கத்திமேல் நடை முழுக்கத் தெரிகிறது. ஷார்ப்பின் குரல் சற்றே வறண்டு, உணர்ச்சி துடைத்து வருவதால்தான் தனியாகப் பிரிந்து நிற்கிறது. எங்களைப் போல ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, காலி அறையில் பேசவைத்து அடுக்குகிறவர்கள் கையில் இது கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறேன். அவ்வளவு பேரையும் ஒரே மைக் முன்னால் நிற்கவைத்து எடுப்பேன். மேனேஜர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

டேவிஸ் 2025-இல் 'தி வெல்' என்ற எபிசோடில் அதே கிரகத்துக்குத் திரும்பினார். இன்னொருவரோடு சேர்ந்து எழுதியது. அதில் மையப் பாத்திரம் காது கேளாத ஒரு பெண். நடித்த ரோஸ் எய்லிங்-எல்லிஸும் காது கேளாதவர். நல்ல எபிசோட்தான். ஆனால் அதில் பயம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, பேச்சில் இல்லை. எனக்கு முதலாவதுதான்.

ஒருநாள் மதிய இடைவேளையில் அக்காவுக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். டிபன் பாக்ஸைக் கையில் வைத்தபடியே கடைசிவரை பார்த்தார். லெஸ்லி ஷார்ப்பின் வாயையேதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது. முடிந்ததும் கேட்டார்: "ஏன் தம்பி, இந்தப் பொம்பளைக்கு நான் பேசினா, மத்தவங்க வசனம் அத்தனையும் நானும் பேசணும் இல்ல?"

"ஆமாக்கா."

"அப்ப அத்தனை பேர் பேமென்ட்டும் எனக்குத்தானே? மேனேஜர்கிட்ட இப்பவே பேசி வை."