பூவரசம் பலகை

ஆகஸ்ட் 24, 2025, ஞாயிறு. பாம்பன்

அப்பத்தாவுக்குச் செப்டம்பர் 21ஆம் தேதி எண்பது நிறைகிறது. ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று போட்டிருக்கிறார்கள். பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் 1945 செப்டம்பர் என்று மை மங்காமல் இருக்கிறது. எங்களுக்கு அதுதான் கணக்கு. பிறந்தநாள் கொண்டாடிப் பழக்கமில்லாத வீடு. ஆனாலும் எண்பது என்றதும் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது.

பூசை முடிந்து வந்ததும் பேச்சு தொடங்கியது. குவைத்திலிருந்து சித்தப்பா போனில், உடம்பு பிடித்துவிடும் நாற்காலி வாங்கலாம் என்றார். தங்கச்சிமடத்து அத்தை பட்டுச்சேலை என்றார். தம்பி பெரிய எழுத்துக் கைப்பேசி என்றான். அம்மா கம்பளிப் போர்வை என்றார்.

பேச்சுக்கு உரியவளோ கொல்லையில் காரல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்க நேரமானதும் இடக்கையைச் சுவரில் ஊன்றி, வலக்கையால் முழங்காலை அழுத்தி, "மாதாவே" என்று ஒரு மூச்சு விட்டு, பாதி எழுந்து நின்றுவிட்டாள். மீதி பாதி எழுவதற்கு நான் ஓடிப் போய்த் தோள் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

வேலை முடிந்து ராமநாதபுரம் கடைத்தெருவில் சுற்றினேன். வயதானவர்களுக்கு என்று கேட்டால் இரத்த அழுத்தக் கருவி, மாத்திரைப் பெட்டி, ஊன்றுகோல் என்று எடுத்து வைக்கிறார்கள். எல்லாம் தேவையானவைதான். எந்த மாதச் சம்பளத்திலும் வாங்கிக் கொடுத்துவிடலாம். ஆனால் பிறந்தநாளன்று அவற்றைக் கையில் கொடுத்தால், "உன்னால் இனி முடியாது" என்று சொல்லிக் கொடுத்ததாகிவிடும். அவள் எதை விரும்பிச் செய்கிறாளோ அதற்குத் துணை நிற்கிற பொருள்தான் வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கப் போகிறேன்.

அவள் விரும்பிச் செய்வது மீன் ஆய்வது. வேறு யார் ஆய்ந்தாலும் குழம்பில் செதில் கிடக்கும் என்பது அவள் தீர்ப்பு. இளவயதில் பாசி எடுக்கப் போனவள். குருசடைத் தீவுப் பக்கம், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, தண்ணீருக்குள் பாறையைத் தடவித் தடவி மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்குவார்களாம். பண்டங்களை உறைய வைக்கும் அகர் அகரை அந்தப் பாசியிலிருந்தும் எடுக்கிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆயின. பின்னாளில் கெடுபிடி கூடவும் அவள் கரையிலேயே நின்றுவிட்டாள். கடல் போனது, மீன் மிஞ்சியது. இப்போது மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்கிறார். சம்மணமும் கூடாது, குத்தவைத்தும் உட்காரக் கூடாதாம். அப்படியென்றால் அரிவாள்மனையும் கூடாது. அதை அவளிடம் யார் சொல்வது?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அப்பா நாற்காலியும் மேசையும் போட்டு, கத்தியும் பலகையும் வைத்துப் பார்த்தார். அப்பத்தா மறுக்கவில்லை. ஒரு விளமீனை எடுத்தாள். வாலைப் பிடித்துக்கொண்டு கத்தியால் உரசினாள். மீன் வழுக்கியது. இரண்டு மூன்று இழுப்புக்குப் பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"கத்தி பிடித்தால் ஒரு கை போய்விடுகிறது தாயி. மீனை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டாமா?"

அரிவாள்மனை பிடிப்பதற்கு ஒரு காலே போதும், கைகள் இரண்டும் மீனுக்கு. இத்தனை நாள் பார்த்தும் இதை நான் யோசித்ததில்லை. அவளைக் கத்திக்குப் பழக்க வேண்டாம். அரிவாள்மனையைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். இரவு முழுவதும் அதே நினைவு.

செப்டம்பர் 6, சனி

கச்சான் காற்று விடாமல் வீசுகிறது. மணலை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓடாவி மாமாவின் கொட்டகைக்குப் போனேன். முன்பெல்லாம் வள்ளம் கட்டியவர். ஃபைபர் படகுகள் வந்தபின் பழைய மரப்படகுகளுக்குப் பழுது பார்ப்பதோடு சரி.

"அக்காவுக்கா?" என்று கேட்டு உளியைக் கீழே வைத்துவிட்டார். நான் வரைந்துகொண்டு போன தாளைப் பார்த்தார். ஒரு முக்காலி, அதன் முன்னால் உயரமான பலகையில் அரிவாள்மனை.

"கீழே இருக்கும்போது காலால் மிதித்துப் பிடிப்பாள். மேலே ஏற்றிவிட்டால் எதைக் கொண்டு பிடிப்பாள்? சுறாவை இழுத்தால் மேசையே கூட வருமே."

அதற்கு அவரே வழியும் சொன்னார். முக்காலியையும் மேசையையும் அடியில் ஒரே சட்டத்தால் பிணைத்துவிட வேண்டும். உட்காருகிறவரின் எடையே மேசையைப் பிடித்துக்கொள்ளும். சட்டம் இரண்டு பக்கமும் ஓடினால் கால் தட்டும், வயதானவர் விழுந்துவிடுவார். ஆகவே இடப்பக்கம் மட்டும். வலப்பக்கமாக வந்து உட்கார்ந்து, அதே பக்கமாக எழுந்து போகலாம்.

மரம் பூவரசு என்று அவரே முடிவு செய்தார். நனைந்து காய்ந்தாலும் எளிதில் வெடிக்காது. திருகாணி பித்தளை. இரும்பு போட்டால் மீன் தண்ணீரும் இந்த உப்புக் காற்றும் சேர்ந்து தின்றுவிடும். "முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவீர்களா மாமா?" என்றேன். "அது படகுக்கு. தோலில் பட்டால் பொத்துவிடும். இதற்குத் தேங்காய் எண்ணெய் போதும்" என்றார்.

உட்காரும் உயரம் எவ்வளவு என்று கேட்டார். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், அதே சமயம் தாழ்ந்துவிடக் கூடாது. தாழ்ந்தால் எழும்போது மூட்டுக்குத்தான் பாரம். மாலையில் புதுப் பாவாடைக்கு அளவு என்று சொல்லி அவள் முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை நூல் பிடித்தேன். பதினைந்தரை அங்குலம்.

செப்டம்பர் 10, புதன்

அம்மாவுக்குத் திருப்தி இல்லை. பிறந்தநாளும் அதுவுமாக அரிவாளையா கொடுப்பார்கள், உறவு அறுந்துவிடும் என்கிறார். அம்மாவின் மனம் சங்கடப்படுவதில் எனக்கு விருப்பமில்லை. புதிதாக இரும்பு எதுவும் வாங்கவில்லை, அப்பத்தாவின் பழைய அரிவாளையே கழற்றிப் பொருத்தப் போகிறோம் என்று விளக்கினேன். அதில் சமாதானமானார். எனக்கும் அதுதான் சரி. நுனியில் தேங்காய் துருவும் பல் தேய்ந்து போன அந்த அரிவாள் அவள் கல்யாணத்துக்கு வந்தது.

சித்தப்பா மரத்துக்கும் கூலிக்கும் பணம் அனுப்பிவிட்டார். நாற்காலிப் பேச்சை அவரே விட்டுவிட்டார்.

செப்டம்பர் 20, சனி

அரிவாளின் அடிப்பாகத்தை அட்டையில் வரைந்து கொடுத்திருந்தோம். அந்த அளவுக்கு ஓடாவி மாமா பலகையில் பள்ளம் எடுத்து வைத்திருந்தார். அப்பத்தா படுத்த பிறகு அப்பாவும் நானும் பழைய கட்டையிலிருந்து அரிவாளைத் தட்டி எடுத்தோம். கொட்டகையில் விளக்கைப் போட்டுக்கொண்டு மாமா அதைப் புதுப் பலகையில் இறக்கினார். துளி அசைவில்லை. பிள்ளைகள் கை வைத்துவிடாமல் இருக்க அத்தை பனை ஓலையில் ஓர் உறை முடைந்து கொண்டுவந்திருந்தார். அத்தை பட்டுச்சேலையையும் விடவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் பட்டுச்சேலையில் போனாள். வந்ததும் மாற்றிக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனவள், "என் அரிவாள்மனை எங்கே?" என்று சத்தம் போட்டாள். தம்பி துணியை விலக்கினான்.

சுற்றிவந்து பார்த்தாள். கட்டைவிரல் நகத்தால் அரிவாளின் விளிம்பைத் தட்டிப் பார்த்து, தன்னுடையதுதான் என்று உறுதி செய்துகொண்டாள். வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரிய ஊளி மீன் ஒன்று காத்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் கூர்மேல் வைத்து ஒரே அழுத்து. மேசை நகரவில்லை. ஓடாவி மாமா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மீன் முழுவதும் முடிந்ததும் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். சுவரைத் தேடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி," என்றாள் ஓடாவி மாமாவிடம், "இரத்தத் தண்ணீர் என் மடிப் பக்கம் வருகிறது. பலகை ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டு. கீழே சட்டி வைத்துக்கொள்கிறேன்."

புதன்கிழமை உளியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.