மரமுந்திரிகை வைன்: 8 சதவீதத்தில் நின்றதும் 12.5க்கு ஏறியதும்

மட்டக்களப்பில் மரமுந்திரிகைப்பழம் வரும் காலமும் வெயில் கொளுத்தும் காலமும் ஒன்றுதான். வாகரைப் பக்கம் கொட்டையைக் கழற்றிக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். அதனால் பழத்துக்குப் பஞ்சமில்லை, குளிர்ச்சிக்குத்தான் பஞ்சம். அற்ககோல் ஏறாமல் போவதற்கு எல்லோரும் சீனியைக் குறை சொல்வார்கள். இரண்டு தடவை செய்து பார்த்ததில் காரணம் சூடும் ஈஸ்டும் என்று தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு தடவையும் சாறு 8 லீற்றர், அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் 1.044 (வெறும் தண்ணீருக்கு 1.000; சீனி சேர எண் ஏறும், அது அற்ககோலாக மாற இறங்கும்). பழத்தின் கயர்ப்பை எடுக்க லீற்றருக்கு 5 கிராம் சவ்வரிசியைப் பசையாகக் காய்ச்சி, ஆறவிட்டுக் கலந்து, ஓர் இரவு அசையாமல் வைக்க வேண்டும். காலையில் அடியில் சாம்பல் நிறத்தில் தடித்த மண்டி படிந்திருக்கும். மேலே தெளிந்ததை மட்டும் வார்த்தெடுக்கலாம். இதைச் செய்யாவிட்டால் குடிக்கும்போது தொண்டை கரகரக்கும்.

சீனிக் கணக்கு: ஒரு லீற்றரில் ஒரு சதவீதம் அற்ககோல் வர ஏறத்தாழ 17 கிராம் சீனி வேண்டும் என்பார்கள். ஈஸ்ட் தான் வளரவும் கொஞ்சம் தின்னும், சாற்றில் கரைந்திருப்பது முழுவதும் சீனியும் அல்ல. ஆகவே வீட்டுக்கு 18, 19 என்று வைத்துக்கொள்வது நல்லது. 13 சதவீதத்தை எதிர்பார்த்து மொத்தம் 1,150 கிராம் சீனி எடுக்கப்பட்டது. ஒரு கிலோ சீனி கரைந்தால் 0.6 லீற்றருக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். பாத்திரத்தில் அந்த இடத்தை விட்டு வைக்க வேண்டும்.

முதல் தடவை முழுச் சீனியையும் தொடக்கத்திலேயே போட்டு (1.091), பாண் போடும் ஈஸ்டைத் தூவியாயிற்று. அறை 31 பாகை, வாளிக்குள் 35. நொதிக்கும்போது ஈஸ்டே சூட்டைக் கிளப்பும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு நாள் பொங்கித் தள்ளியது, ஆறாம் நாள் 1.030இல் நின்றுவிட்டது. அதாவது 8 சதவீதம், வாயில் வைத்தால் பாகுபோல இனிப்பு, மூக்கில் வார்னிஷ் வாடை. அந்த வாடை சூட்டில் தவித்த ஈஸ்ட் விட்டது. மேலும் இரண்டு கரண்டி ஈஸ்டை அப்படியே தூவியும் ஒரு குமிழிகூட வரவில்லை. 8 சதவீத அற்ககோலுக்குள் நேராக விழும் புது ஈஸ்ட் எழும்பாது, அதை மெல்லப் பழக்க வேண்டும்.

பழக்கிய விதம்: 200 மில்லிலீற்றர் சாற்றில் வைன் ஈஸ்டைக் கிளப்பி, நன்றாக நுரைத்ததும் நின்றுபோன வைனில் 200 சேர்ப்பது. அது மறுபடி நுரைத்ததும் 400, பிறகு 800. இப்படி இரட்டித்து இரட்டித்துப் போய்க் கடைசியில் எல்லாம் ஒன்றாகும். 12 நாளில் 1.004க்கு இறங்கி, 11 சதவீதத்தைத் தாண்டியது. வார்னிஷ் வாடை மட்டும் போகவேயில்லை.

இரண்டாம் தடவைக்கு லால்வின் ஈசி-1118 என்ற வைன் ஈஸ்ட், 5 கிராம் பைக்கற் ஒன்று. இது 18 சதவீதம் வரை தாங்கும், ஆனால் 30 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். 35 முதல் 40 பாகை இளஞ்சூட்டு நீர் 50 மில்லிலீற்றரில் 20 நிமிடம் ஊறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். உணவாக இரண்டு தேக்கரண்டி பாண் ஈஸ்டைத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்துக் கொன்று ஊற்றியாயிற்று. செத்த ஈஸ்ட் உயிருள்ள ஈஸ்டுக்கு அருமையான தீனி. முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) போடுவது வழக்கம்தான், அதில் ருசி ஏறுமே தவிரத் தீனி அதிகமில்லை.

குளிர்ச்சிக்கு வாளியை அகன்ற பேசினில் தண்ணீருக்குள் வைத்து, சுற்றிலும் ஈரச்சாக்கு. சாக்கின் நுனி தண்ணீரில் தோய்ந்திருந்தால் தானாகவே ஈரம் ஏறும். காலையும் மாலையும் உறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று பேசினுக்குள். கச்சான் காற்று அடிக்கும்போது சாக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும், வறண்ட காற்றில் ஈரம் விரைவாகப் பறக்கும். வாளிக்குள் 28க்கு மேல் போகவில்லை.

சீனி மூன்று தவணை. முதலில் 500 கிராம், 1.066. முதல் மூன்று நாளும் துணி மூடி மட்டும், நாளுக்கு இரண்டு தரம் கிளறல். ஈஸ்ட் பெருக அப்போது காற்று வேண்டும். பிறகு மூடியை இறுக்கி, அதில் செருகிய ரியூபின் மறு முனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட வேண்டும். அதற்குப் பிறகும் காற்றுப் பட்டால் வினாகிரிதான் மிஞ்சும். 4ஆம் நாள் 1.020, 325 கிராம் சேர்த்ததும் 1.034. 7ஆம் நாள் 1.015, மிச்சம் 325 சேர்த்ததும் 1.029. 19ஆம் நாள் 0.996.

வாளிக்குள் சீனியை நேரே கொட்டக் கூடாது. ஒவ்வொரு மணியைச் சுற்றியும் வாயு கிளம்பி, நொடியில் நுரை வாளியைத் தாண்டித் தரையில் ஓடும். அரை லீற்றர் வைனைப் பெரிய சட்டியில் எடுத்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, திரும்ப ஊற்றினால் தொல்லையில்லை.

இறங்கிய புள்ளிகளைக் கூட்டினால் 0.098. அதை 131.25ஆல் பெருக்கினால் அற்ககோல் சதவீதம் 12.9 என்று வரும். பின்னால் சேர்ந்த சீனி அளவைப் பெருப்பித்ததால் உண்மையில் 12.5 அளவு. வாசிக்கும்போது குழாயை இரண்டு கைக்கும் நடுவில் உருட்டி வாயுவை விரட்ட வேண்டும். குமிழி ஒட்டிக்கொண்டால் ஹைட்ரோமீட்டர் மேலே தூக்கி, கூடக் காட்டும். 20 பாகைக்கு அளவிட்ட கருவி 30 பாகையில் 0.002 முதல் 0.003 வரை குறைத்துக் காட்டும். இரண்டு வாசிப்பும் ஒரே சூட்டில் எடுத்தால் கழிக்கும்போது அந்தப் பிழை அடிபட்டுப் போகும்.

இதற்கு மேல் ஏற்ற யாராவது காய்ச்சி வடிக்கச் சொன்னால் காதில் வாங்க வேண்டாம். அது கசிப்பு (கள்ளச்சாராயம்), ஆபத்து. வைனுக்கும் சட்டம் உண்டு. உரிமமின்றி மது உற்பத்தி செய்வதை 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே தொடங்குமுன் மதுவரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மண்டியிலிருந்து இரண்டு தரம் வடித்து மாற்றியதும் நிறம் வைக்கோல் மஞ்சள். இனிப்பு இல்லை, நுனிநாக்கில் கொஞ்சம் கயர்ப்பு மிச்சம். அடுத்த தடவை சவ்வரிசியை லீற்றருக்கு 7 கிராமாக்கிப் பார்க்க வேண்டும்.