சனிக்கிழமை காலை ஒன்பது மணி

லண்டனுக்கு வந்து ஏழு வருடமாகிறது. முதல் ஐந்து வருடத்தில் நான் செய்த ஒரே உடற்பயிற்சி, நியூ மால்டன் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க ஓடியதுதான். காலையில் மகளைப் பள்ளியில் விட்டு, வாட்டர்லூ போய், வேலை முடிந்து, ஆறு மணிக்குள் ஆஃப்டர் ஸ்கூல் கிளப் வாசலில் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் அபராதம். திருச்சியாக இருந்தால் அம்மாவோ மாமியாரோ "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றிருப்பார்கள். இங்கே அப்படிச் சொல்ல ஒரே ஆள் என் கணவர். அவரும் அந்த நேரத்தில் ஏதோ ஒரு ரயிலில் நின்றுகொண்டிருப்பார்.

ஜிம்மில் சேராமல் இல்லை. மாதம் 35 பவுண்டு. குழு வகுப்பு மாலை 6.30-க்கு, முன்கூட்டியே பதிய வேண்டும், பதிந்துவிட்டு வராவிட்டால் அதற்கும் காசு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதே கதைதான். ஐந்து மாதத்தில் நான்கு முறை போனேன். ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட 44 பவுண்டு. அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு ஹோட்டலில் போய் மசால் தோசை சாப்பிட்டிருக்கலாம்.

நாற்பது வயதானதும் என்.எச்.எஸ். என்கிற இந்த ஊர் அரசு மருத்துவச் சேவையிலிருந்து உடல் பரிசோதனைக்குக் கடிதம் வந்தது. இங்கே 40 முதல் 74 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள். இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எனக்கு 43. இந்த ஊர்க் கணக்கில் 42 முதல் 47 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை. "உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடைக் கணக்கு) 24, வெள்ளைக்காரர்களுக்கு இது சரி. தெற்காசியர்கள் 23 தாண்டினாலே கவனமாக இருக்க வேண்டும்" என்றார் நர்ஸ். அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை, அதனால் எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. கிளம்பும்போது நர்ஸ் கேட்டார்: "பார்க்ரன் போயிருக்கிறீர்களா? புஷி பார்க் உங்களுக்குப் பக்கம்தானே."

போனதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், பார்க்ரன் என்பது வாராவாரம் பூங்காவில் கூடி ஓடுவது, அது தொடங்கிய இடமே புஷி பார்க்தான். 2004 அக்டோபரில் பால் சின்டன்-ஹியூவிட் என்பவர் நண்பர்களைக் கூட்டி அங்கே ஆரம்பித்திருக்கிறார். முதல் நாள் ஓடியவர்கள் 13 பேர். இப்போது அதே பூங்காவில் ஆயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு 5 கிலோமீட்டர். இலவசம். ஒரு தடவை பதிந்து பார்கோடு வாங்கிவிட்டால் போதும், வாராவாரம் பதிய வேண்டாம், வராவிட்டால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பிடித்தது.

ஆனால் சனிக்கிழமை ஒன்பதரைக்கு மகளுக்குத் தமிழ்ப் பள்ளி! அதை விட எனக்கு மனசில்லை. இரண்டு வாரம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் ஒரு சனிக்கிழமை நான் ஓட கணவர் தமிழ்ப் பள்ளிக்கு, மறு சனிக்கிழமை அவர் ஓட நான் என்று முடிவானது. அவர் ஓடுவாரா என்று நான் கேட்கவே இல்லை. "எனக்கும் தொப்பை இருக்கு" என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

முதல் நாள் லெக்கிங்ஸ், மேலே முட்டி வரை குர்தா, அதற்கு மேல் குளிர்கால ஜாக்கெட். ஊரே திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். யாருமே பார்க்கவில்லை. தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஒருவர் என்னைத் தாண்டி ஓடினார். ஒரு கிலோமீட்டரிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. தூரத்தில் மான்கள் தலையைக்கூடத் தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. இலையுதிர் காலத்தில் ஆண் மான்கள் மூர்க்கமாக இருக்கும், எப்போதுமே கிட்டே போகக் கூடாது. மற்றபடி ஆயிரம் பேர் ஓடினாலும் அவை கண்டுகொள்வதில்லை.

பாதிக்கு மேல் நடைதான். பக்கத்தில் நடந்து வந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினார், யாழ்ப்பாணத் தமிழ். "மெல்ல வாங்கோ தங்கச்சி. காசு கட்டியோ வந்தனாங்கள், அவசரப்பட?" எங்களுக்குப் பின்னாலும் ஒருவர் வந்தார். எல்லாருக்கும் கடைசியாக வருவதற்கென்றே ஒரு தன்னார்வலரை வைத்திருக்கிறார்கள். அதனால் நான் எவ்வளவு மெதுவாகப் போனாலும் கடைசி ஆள் நான் இல்லை. 52 நிமிடம். முடித்ததும் கையில் ஒரு டோக்கன் கொடுத்தார்கள், அதையும் பார்கோடையும் ஸ்கேன் செய்தார்கள். நேரம் மதியம் ஈமெயிலில் வந்தது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஓடறதுக்குக் கார்ல போறியா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் மகள் பிடித்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் போறீங்க, நான் மட்டும் அ ஆ எழுதணுமா?" நியாயமான கேள்விதான். நல்லவேளை, 4 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை 2 கிலோமீட்டர் ஜூனியர் ஓட்டம் தனியாக இருக்கிறது. இப்போது ஞாயிறும் போனது. வாரம் முழுக்கத் தள்ளிப்போட்ட துணி, மாவு அரைப்பது, காய்கறி எல்லாம் ஞாயிறு மதியத்தில் மலையாகக் குவிகிறது. இட்லி மாவைக் கடையில் வாங்க ஆரம்பித்துவிட்டேன். அரைத்த மாவு மாதிரி வராது. பரவாயில்லை.

முட்டி வலித்த ஒரு மாதம் ஓடாமல், தன்னார்வலராகப் பார்கோடு ஸ்கேன் செய்யப் போனேன். ஓடிய நாட்களைவிட அந்த மாதம்தான் அதிகம் பேரிடம் பேசினேன். இந்த ஊரில் ஏழு வருடத்தில் வேலைக்கும் பள்ளிக்கும் சம்பந்தமில்லாமல் எனக்குப் பெயர் சொல்லி வணக்கம் வைக்கிற ஆட்கள் அங்கேதான் கிடைத்தார்கள்.

இப்போது 38 நிமிடம். போன முறை எச்பிஏ1சி 41. மகளுக்கு இதெல்லாம் கணக்கே இல்லை. ஜூனியரில் 11 தடவை ஓடினால் 22 கிலோமீட்டர். அதை அரை மாரத்தான் என்று சொல்லிக் கையில் ஒரு பட்டை தருவார்கள். அவள் பத்து முடித்துவிட்டாள். இந்த ஞாயிறு மழை என்று போட்டிருக்கிறது. போன வாரச் சேறு காயாத ஷூவை நேற்றே ரேடியேட்டர் மேல் வைத்துவிட்டாள். வீடெல்லாம் ஈர சாக்ஸ் வாசனை.