அம்மாவின் வலியும் மார்ஃபினும்

மார்ச் 4
முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு வருஷத்துக்கும் மேல அம்மா மார்ஃபின் மாத்திரைலதான் இருக்காங்க. போன மாசம் டோஸ் ஏத்துனாங்க, கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு, அப்புறம் முன்ன விட மோசம், இடுப்போட நிக்காம தோள், கை, தாடைனு எங்கெங்கயோ வலிக்குது. இன்னிக்கு தலை வாரும்போது சீப்பு பட்டதுக்கே "ஐயோ, மெதுவாடி"ன்னு கத்திட்டாங்க, போர்வை கால்ல உரசுனாக்கூட எரியுதாம்.

மார்ச் 9
ஸ்கேன்ல புதுசா எதுவும் இல்ல. பெயின் கிளினிக் டாக்டர் பொறுமையா கேட்டுட்டு, மார்ஃபின் மாதிரி ஓபியாய்டு வகை வலி மருந்த நாள்பட எடுத்தா சிலருக்கு வலி உணர்ச்சியே கூடிடும், அதுக்கு ஹைப்பரால்ஜீசியான்னு பேருன்னார். மருந்து உடம்புக்குப் பழகிப்போறது வேற, அதுல டோஸ் கூட்டுனா வலி அடங்கும், இதுல கூட்டக் கூட்ட வலியும் ஏறும். அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "அப்போ நான் நடிக்கிறேங்கிறீங்களா டாக்டர்?" "இல்லம்மா, உங்க வலி நூத்துக்கு நூறு நிஜம்"ன்னார். அம்மா அழுதுட்டாங்க.

மார்ச் 10
ராத்திரி பூரா இதையேதான் படிச்சேன். தண்டுவடத்துல வலிய கடத்துற நரம்புகள்ல இருக்கிற என்எம்டிஏ ரிசெப்டார், அதாவது வலி சேதிய வாங்குற ஒரு புரதம், அளவுக்கு மீறி தூண்டப்படுது, மூளைலேருந்து வலிய அடக்க இறங்கி வர்ற பாதையே அத தூக்கிவிடவும் ஆரம்பிச்சிடுது. 1870லயே கிளிஃபோர்ட் ஆல்பட்னு ஒரு இங்கிலாந்து டாக்டர், மார்ஃபின் ஊசியே வலிய வளக்குதோன்னு சந்தேகப்பட்டு எழுதிட்டார். இன்னமும் வலி கூடுதுன்னு சொல்ற நோயாளிய மாத்திரைக்கு அடிமைன்னுதான் பேசுறாங்க, அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

ஏப்ரல் 2
டோஸ் குறைக்க ஆரம்பிச்சாச்சு. இத்தனை நாள் எடுத்தவங்களுக்கு மாசத்துக்கு 10 சதவீதம், இல்ல அதவிட மெதுவாத்தான் குறைக்கணுமாம். திடீர்னு நிறுத்துனா வாந்தி, வயித்துப்போக்கு, நடுக்கம்னு எல்லாம் வந்து வலியும் எகிறிடும், அதனால யாரும் சொந்தமா நிறுத்தாதீங்க ப்ளீஸ். தாங்கலைன்னா புப்ரெனார்ஃபின்ங்கிற வேற ஓபியாய்டுக்கு மாத்திப் பாக்கலாம்னும் சொல்லிருக்கார். சித்தி போன்ல "துடிக்கிறவளுக்கு மருந்த குறைக்கிறியேடி"ன்னாங்க, டாக்டர் சொன்னத முழுசா சொன்னதும்தான் சமாதானமானாங்க.

ஜூன் 18
தாடை, தோள் வலி விட்டுருச்சு. இடுப்பு வலி அப்படியேதான் இருக்கு, அது பழைய வலி, அதுக்கு பிசியோ நடக்குது. இந்த மாசம் குறைக்க வேணாம், கொஞ்சம் நின்னு போலாம்னு அம்மாவே சொன்னாங்க, டாக்டரும் சரின்னுட்டார்.