ரிப்போர்ட் வரும்வரை

மார்ச் 5, செவ்வாய்

இன்னும் வரவில்லை. "என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்காராதே, எங்கேயாவது போ" என்று அக்கா துரத்திவிட்டாள். லண்டன் நேஷனல் கேலரிக்குப் போனேன்.

பிரெஞ்சு ஓவியர் டெலாரோஷ் 1833ல் வரைந்த 'லேடி ஜேன் கிரேயின் மரண தண்டனை'. ஒன்பதே நாள் இங்கிலாந்து ராணியாக இருந்தவள். மூன்று மீட்டர் அகலம் இருக்கும். கண்ணைக் கட்டிய சின்னப்பெண், தலை வைக்க வேண்டிய கட்டையைக் கையால் துழாவுகிறாள். வெள்ளை சாட்டினில் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது, தூரிகை போன தடம் மட்டும் தெரியவில்லை. கட்டையடியில் வைக்கோல் பரப்பியிருக்கிறது. அது எதற்கு என்று உறைத்ததும் வயிற்றைப் பிசைந்தது.

மார்ச் 6

வரவில்லை.

மார்ச் 7

ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். 1554ல் ஜேனைக் கொன்றது லண்டன் டவர் என்ற பழைய கோட்டை வளாகத்துக்குள், திறந்தவெளியில். டெலாரோஷ் இருட்டு மண்டபத்துக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார். வைக்கோல் வரைக்கும் அத்தனை நிஜம், இடமே பொய். கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. செத்துப்போய் எத்தனையோ காலமான ஓவியர் மேல் எனக்கென்ன கோபம்?

அக்கா இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 8, வெள்ளி

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். அந்தக் கூடத்தைத் தாண்டி நேரே வான் கோவின் நாற்காலிக்குப் போனேன். 1888. கோணம் எதுவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, டிராயிங் வாத்தியார் பார்த்தால் பாஸ்மார்க் போடமாட்டார். இருக்கையில் பைப், புகையிலை. பின்னால் பெட்டியில் முளைவிட்ட வெங்காயம், அந்தப் பெட்டி மேல்தான் கையெழுத்து. ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாரா, இல்லை அவ்வளவுதானா? தொண்டை அடைத்தது.

ஜேன் படத்தில் அழுவதற்கென்றே இரண்டு தோழிகள். சுவரில் சாய்ந்து மயங்குகிறவள் நாடகக்காரி. நமக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்கிறாளே, அவளை நம்புகிறேன். அவள் முகத்தையும் வரைந்திருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

மார்ச் 10

ரெம்பிராண்ட், 63 வயதில் தன்னையே வரைந்தது. 1669, செத்த வருஷம். கிட்டே போனால் நெற்றியில் தோல் இல்லை, அப்பிய பெயின்ட்தான். நாலு அடி பின்னால் வந்தால் வயசான மனுஷன் நம்மைப் பார்க்கிறார். கோத்த கைகளை ஏனோதானோவென்று விட்டிருக்கிறார். முதலில் கையில் தூரிகை இருந்ததாம், அப்புறம் மாற்றிவிட்டாராம். எக்ஸ்ரேயில் தெரிந்ததாம்.

எக்ஸ்ரே. வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 11

போன் அடித்தது. இன்சூரன்ஸ்காரன்.

மார்ச் 12

அக்காவே வருகிறேன் என்றாள். ஜேன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "இந்தப் பெரியவர் எவ்வளவு மெதுவா அவளைப் பிடிச்சிருக்கார் பாரு." டவர் அதிகாரி அவர். குனிந்து, அந்தப் பெண்ணைக் கட்டைப் பக்கம் நகர்த்துகிறார். இத்தனை நாளும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கையை இல்லை. சாவுக்குத்தான் கூட்டிப்போகிறார் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

வான் கோ முன்னால்: "சரி, உட்கார நிஜ நாற்காலி எங்கே இருக்கு?"

வீட்டுக்கு வந்ததும் போன். நாளைக் காலை இரண்டு பேரும் வரவேண்டுமாம். ஏன் இரண்டு பேரும்?

மார்ச் 13

ஹோல்பைனின் 'தூதர்கள்' பற்றி எழுதவே இல்லை. 1533. கம்பளமும் பட்டும் தொட்டுப்பார்க்கலாம் போல, ஆனால் இரண்டு முகத்திலும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காலடியில் ஏதோ இழுபட்ட கறை. வலது ஓரமாகப் போய் நின்றால்தான் அது மண்டை ஓடு. அந்த ஒன்றை மட்டும் ஏன் கோணலாக

அக்கா செருப்பு மாட்டிவிட்டாள். மீதி வந்து.