பத்து வருஷம் கழிச்சு ஒரே ரூம்ல: லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமெண்ட் கேட்ட வாரம்

26 அக்டோபர் 2023, வியாழன்

நேத்து செய்தி வந்ததுலேர்ந்து வேற எதுலயும் மனசு போகல. டிரம்மர் மைக் போர்ட்னாய் திரும்ப தன் பழைய ராக் பேண்டான ட்ரீம் தியேட்டர்ல! 2010 செப்டம்பர்ல அவர் விலகினப்ப வீட்ல ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு போன மாதிரி இருந்துச்சு எனக்கு. நடுவுல 13 வருஷம் மைக் மான்ஜினி அந்த நாற்காலியில உக்காந்து உழைச்சிருக்காரு, அத யாரும் சின்னதா பேசிட வேணாம், அவர் வாசிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனா எல்லாரும் இது நேத்து நடந்த விஷயம் மாதிரியே பேசிட்டிருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. சேர்ந்தது 2021 ஏப்ரல்ல வந்த அந்த சைட் ப்ராஜெக்ட் ஆல்பத்துலயே தெரிஞ்சுடுச்சு, லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமெண்ட் மூணாவது ஆல்பம். போர்ட்னாயும் ட்ரீம் தியேட்டர்காரங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கற நாலு பேர் குழு அது. அறிவிப்புதான் இப்ப வந்திருக்கு. அதனால இந்த வாரம் மூணையும் முதல்லேர்ந்து வரிசையா கேக்கறேன், கேட்டத எழுதியும் வைக்கறேன்.

27 அக்டோபர், வெள்ளி

முதல் ஆல்பம், 1998. போர்ட்னாய் ஆரம்பிச்சது இது. கிட்டாருக்கு தன் பேண்ட்லேர்ந்தே ஜான் பெட்ரூச்சி, பாஸுக்கு கிங் கிரிம்சன், பீட்டர் கேப்ரியல் கூடல்லாம் வாசிச்ச டோனி லெவின், கீபோர்டுக்கு ஜோர்டன் ருடெஸ். இதுல ருடெஸ் கதைதான் எனக்கு முக்கியம். 1994லயே ட்ரீம் தியேட்டர் அவர கூப்பிட்டாங்க, அவர் டிக்ஸி ட்ரெக்ஸ்ங்கற இன்னொரு பேண்ட் பக்கம் போயிட்டாரு. அப்புறம் இந்தக் குழுவோட முதல் ரெண்டு ஆல்பத்துல சேர்ந்து வாசிச்சு, கை பழகி, 1999ல ட்ரீம் தியேட்டருக்குள்ளயே வந்துட்டாரு, இன்னிக்கு வரைக்கும் அங்கதான் இருக்காரு.

கடைசில ஒரு ஜாம் இருக்கு, 28 நிமிஷத்துக்கு மேல, முன்னாடி எதுவும் எழுதாம வாசிச்சது. பொறுமை இல்லாதவங்க எட்டாவது பாட்டோட சிடிய நிறுத்திக்கலாம்னு உள்ள இருக்கற தாள்லயே எச்சரிச்சிருப்பாங்க. நான் ஒரு நாளும் நிறுத்தினதில்ல. அதுல ருடெஸ் ஏதோ ஒண்ண ஆரம்பிப்பாரு, மத்த மூணு பேரும் அது எங்க போகுதுன்னு காத்திருப்பாங்க, அந்தக் காத்திருப்பு காதுக்கு நல்லா தெரியும்.

28 அக்டோபர், சனி

ரெண்டாவது ஆல்பம், 1999. ரெக்கார்டிங் நடந்திட்டிருக்கப்ப பெட்ரூச்சி மனைவிக்கு பிரசவ வலி வந்துடுச்சு, அவர் கிட்டார வச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டாரு. மீதி மூணு பேர் ஸ்டூடியோவ காலி பண்ணாம வாசிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க. அந்த மூணு பேர் வாசிச்சதுலேர்ந்து வளந்த பாட்டுங்களும் இந்த ஆல்பத்துல இருக்கு. கிட்டத்தட்ட 17 நிமிஷம் ஓடற ஒரு பாட்டுக்கு 'வென் த வாட்டர் பிரேக்ஸ்', பன்னீர்க்குடம் உடையறதுன்னு பேரே வச்சுட்டாங்க. மூணு பேரா வாசிச்ச சிலதுக்கு மேல பெட்ரூச்சி அப்புறமா வந்து தன் கிட்டார ஏத்தினாரு.

இன்னிக்கு அந்தப் பாட்டுங்கள நல்ல ஹெட்ஃபோன்ல மூணு தடவ கேட்டேன். ஆள் இல்லாதப்ப வாசிச்ச இடத்துல அவருக்குன்னே இடம் விட்டு வச்ச மாதிரி இருக்கு. டிரம்ஸ் பாருங்க, கிட்டார் வரப்போற இடத்துக்கு முன்னாடி ஹை-ஹேட்ட (ஜோடி ஜால்ரா) மெல்ல மூடிட்டு பின்னாடி போயிடுது. அவர் வரலேன்னா அந்த இடம் வெறும்னே நின்னிருக்கும், வந்தப்புறம் வேற யாரும் அங்க பொருந்த மாட்டாங்கன்னு ஆயிடுச்சு.

29 அக்டோபர், ஞாயிறு

இன்னிக்குத்தான் மூணாவது. நடுவுல 22 வருஷம். 2008ல மேடையேறி வாசிச்சாங்க, ஆனா புதுசா ஆல்பம் இல்ல. அப்புறம் 2010ல பிரிவு. 2020ல பெட்ரூச்சியோட தனி ஆல்பத்துக்கு போர்ட்னாய் டிரம்ஸ் வாசிச்சு பேச்சுவார்த்தை ஆரம்பிச்சுது, அதே வருஷம் கொரோனால எல்லா டூரும் நின்னு போயி எல்லாரும் வீட்ல உக்காந்திருக்க, நாலு பேரும் ட்ரீம் தியேட்டரோட சொந்த ஸ்டூடியோல, நியூயார்க் லாங் ஐலண்ட்ல, ஒண்ணா கூடிட்டாங்க. விட்டுட்டுப் போன பேண்டோட வீட்டுக்குள்ளயே போயி உக்காந்து டிரம்ஸ் செட் பண்றதுன்னா போர்ட்னாய்க்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். லெவினுக்கு அப்ப 74 வயசு. அவர் வாசிக்கற சாப்மன் ஸ்டிக்ங்கற தந்தி வாத்தியத்த மீட்டறதில்ல, ரெண்டு கை விரலாலயும் தந்தியத் தட்டறது, அந்த வயசுலயும் ஒரு தட்டு கூட பிசகல.

முதல் பாட்டு 'ஹைப்பர்சானிக்'. எடுத்த எடுப்புலயே ஓட்டம். ராத்திரி டிரம்ஸ் பழகற ரப்பர் பேட தலகாணி மேல வச்சு, கீழ் வீட்டுக்காரங்களுக்கு சத்தம் போகாம, முதல் ஒரு நிமிஷத்த மட்டும் பாதி வேகத்துல போட்டு வாசிச்சுப் பாத்தேன். ரெண்டு மணி நேரம். வலது மணிக்கட்டு விண்ணு விண்ணுனு வலிக்குது. பாதி வேகத்துல கேட்டாத்தான் ஒண்ணு புரிஞ்சுது, கிட்டாரும் கீபோர்டும் ஒரே சுரத்த ஒட்டிக்கிட்டு ஓடறப்ப டிரம்ஸ் அவங்க ஒவ்வொரு திருப்பத்துக்கும் கூடவே திரும்புது, சும்மா அடியில தாளம் மட்டும் போட்டுக்கிட்டு இல்ல.

31 அக்டோபர், செவ்வாய்

நேத்து எழுத நேரம் கிடைக்கல. மூணாவது ஆல்பத்துலேர்ந்து 'ராப்சடி இன் ப்ளூ' மட்டும் கேட்டேன், கெர்ஷ்வின் 1924ல எழுதினது, இவங்க 2008லயே மேடையில வாசிச்சு வச்சிருந்தத 13 நிமிஷத்துக்கு மேல ஸ்டூடியோல பிடிச்சிருக்காங்க. நல்லாருக்கு, ஆனா நான் திரும்பத் திரும்பப் போறது அதுக்கில்ல.

நான் போறது டூயட்டுக்கு. முதல் ஆல்பத்துல பெட்ரூச்சியும் ருடெஸும் மட்டும் ஒண்ணு, லெவினும் போர்ட்னாயும் மட்டும் ஒண்ணு. மூணாவதுலயும் அப்படியே ரெண்டு ஜோடி. முதல் ஆல்பத்தப்ப போட்டோ எடுக்க வந்தவர் போர்ட்னாய 'கிறிஸ்'னும் லெவின 'கெவின்'னும் கூப்பிட்டுட்டாராம், அந்தப் பேரையே பாட்டுக்கு வச்சாங்க. 23 வருஷம் கழிச்சு அதே கிறிஸ்ஸும் கெவினும் திரும்ப வராங்க. பழைய சிநேகிதங்க சந்திச்சா முதல்ல பழைய பட்டப்பேர சொல்லித்தானே கூப்பிட்டுக்குவாங்க, எனக்கு அதக் கேட்டதும் கண்ணு கலங்கிடுச்சு.

2 நவம்பர், வியாழன்

சித்தப்பா வந்திருந்தார். முப்பது வருஷமா மிருதங்கம் வாசிக்கறவர், ராக் பக்கமே வந்ததில்ல. மூணாவது ஆல்பத்தோட கூட வந்த ரெண்டாவது டிஸ்க்க போட்டேன், முழுக்க அந்தந்த நேரத்துல தோணினத வாசிச்சது. காபி ஆறிப் போக தொடையில விரல் விட்டு எண்ணிட்டே இருந்தார், ஒரு இடத்துல எண்றத நிறுத்திட்டு நிமிந்து பாத்தார்.

"எழுதி வச்சு வாசிக்கறதாடா இது?"

"இல்ல சித்தப்பா, அங்கயே தோணினது."

"அந்த கிட்டார் வாசிக்கறவனும் டிரம்ஸ்காரனும் ரொம்ப வருஷமா சேந்து வாசிக்கறாங்க போல. இவன் முடிக்கறதுக்குள்ள அவன் அங்க போய் நிக்கறானே."

1985ல பாஸ்டன்ல பெர்க்லீ காலேஜ்ல சந்திச்சவங்க, அங்கதான் பேண்ட ஆரம்பிச்சாங்கன்னு சொன்னேன். அப்புறம், இத வாசிக்கறதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட பத்து வருஷம் சேந்து வாசிக்கவே இல்ல சித்தப்பான்னும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. காபிய ஒரே மடக்குல குடிச்சிட்டு டம்ளர கீழ வச்சார்.

"முதல்லேர்ந்து போடு."