கெராங் ஓட்டில் சாப்பிடப் பழகிய கோரல் பியூட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உப்புத்தண்ணி மீன் வளர்க்கிறேன் என்றால், "கடல் எங்கே, நீ எங்கே?" என்கிறார்கள். சுற்றிலும் செம்பனையும் பால்மரமும்தான். நான்கடித் தொட்டி, 260 லிட்டர். லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) போட்டு எட்டு மாதம் ஓடவிட்ட பிறகே இந்தக் கோரல் பியூட்டி என்ற குட்டி ஏஞ்சல் மீனை வாங்கினேன். குட்டி ஏஞ்சல் வகைகள் பாறையில் படியும் பாசியை நாள் முழுக்கக் கொத்தித் தின்பவை. புதுத் தொட்டியில் மேய ஒன்றும் இருக்காது.

ஈப்போவில் வாங்கும்போது 6 சென்டிமீட்டர். முழுதாக வளர்ந்தாலே 10தான். தலையும் துடுப்பும் ஊதா கலந்த நீலம், விலாவில் ஆரஞ்சு, அதன்மேல் மெல்லிய கோடுகள். இவை பெண்ணாகத் தொடங்கி, கூட்டத்தில் பெரியது ஆணாக மாறும். என் தொட்டியில் இரண்டு விட்டால் சண்டைதான் என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் நாளே தப்பு செய்தேன். ஏஞ்சல் மீனுக்குக் கன்னத்தில் ஒரு முள் உண்டு. வலையில் அள்ளியதும் அது மாட்டிக்கொண்டது. இழுக்காமல், தண்ணீருக்குள்ளேயே சின்னக் கத்தரியால் நான்கு இழையை வெட்டி விடுவித்தேன். கை நடுங்கியது. இப்போதெல்லாம் ஐஸ்கிரீம் டப்பாவால்தான் மொள்வது.

அப்புறம் ஐந்து நாள் பட்டினி. உறைந்த இறாலைத் துப்பியது, நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் அம்மா சம்பாலுக்கு வாங்கி வந்த கெராங் சிப்பியில் ஒன்றைப் பிளந்து, ஓட்டோடு பாறைமேல் வைத்தேன். இடுக்கிலிருந்து பாதி உடம்பை நீட்டி ஒரு கொத்து, சட்டென்று பின்வாங்கல், மறுபடி ஒரு கொத்து. கால் மணி நேரத்தில் வெறும் ஓடு. மறுநாள் அதே ஓட்டில் நோரியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தேன். நேராக வந்து பிய்த்தது!

மீனைவிடப் பெரிய தலைவலி சூடு. மதியத்தில் தண்ணீர் 30.5 டிகிரி. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்கக் காசு இல்லை. இரண்டு காற்றாடி வைத்ததில் 28க்கு இறங்கியது, ஆனால் தினம் 4 லிட்டர் ஆவியாகிறது. தண்ணீர்தான் போகும், உப்பு அப்படியே நிற்கும். ஐந்து நாள் கவனிக்காமல் விட்டதில் 1.025 ஆக இருந்த உப்புத்தண்ணீரின் அடர்த்தி 1.027 ஆக ஏறிவிட்டது. இப்போது தினமும் ஆர்ஓ கருவியில் வடிகட்டிய, உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன்.

இரண்டு நாளாக மீன், தொட்டியில் உள்ள மூளைப் பவளத்தின் (மூளைபோல் மடிப்புள்ள உயிர்ப் பவளம்) சதை ஓரத்தைக் கொத்திப் பார்க்கிறது. நோரியைக் காலை, மாலை என்று இருவேளை ஆக்கியிருக்கிறேன். அதற்கும் அடங்காவிட்டால் பவளம்தான் நண்பன் தொட்டிக்குப் போகும்.